சாலை வரி கட்டியவனுக்கு ஒரு ஆஃப்-ரோடு வண்டி

தமிழ்நாட்டில் புது பைக் வாங்குகிறவன் முதலில் சாலை வரி கட்டுகிறான். வண்டியின் ஆயுளுக்கும் சேர்த்து, ஒரே தவணையில், முன்கூட்டியே. கட்டி முடித்த கையோடு, சாலையே இல்லாத இடத்திலும் ஓடக்கூடிய வண்டி எது என்று ஷோரூமில் விசாரிக்கிறான். இந்த இரண்டு காரியங்களுக்கும் நடுவில் ஏதோ ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் திண்டுக்கல் பக்கத்து அகரத்துக்காரர். இல்லாவிட்டால் தாடிக்கொம்புக்காரர். அதுவும் இல்லாவிட்டால் இந்த மாநிலத்தின் ஏதோ ஒரு பேரூராட்சியில் குடியிருந்து இடுப்பு வலிக்குத் தைலம் தேய்க்கிறவர்.

எந்த ஊர்த் தெரு மோசம் என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்ற ஊர்கள் கோபித்துக்கொள்ளும்.

2023 நவம்பரில் இந்தச் சாலை வரியை உயர்த்தினார்கள். அதுவரை 8 சதவீதம். இப்போது ஒரு லட்ச ரூபாய் வரை உள்ள வண்டிக்கு 10, அதற்கு மேல் போனால் 12. ஒன்றரை லட்ச ரூபாய் பைக்குக்குச் சாலை வரி மட்டும் 18,000 ரூபாய். வண்டியின் ஆயுளுக்கான வரி அது. சாலையின் ஆயுளைப் பற்றி யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பெயர்தான் சாலை வரி. அது போய்ச் சேரும் இடம் அரசின் பொதுக் கஜானா. அங்கிருந்து அது எந்தச் சாலை வழியாக எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியாது. நம் தெருப் பக்கம் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போது நம் ஆளைப் பாருங்கள். வீடு அகரத்தில். வேலை திண்டுக்கல்லில். மில்லோ, ஜவுளிக்கடையோ, ஆபீஸோ, எதுவாக இருந்தாலும் காலையில் போய் இரவில் திரும்ப வேண்டும். குடகனாற்றுப் பக்கத்திலிருந்து கரூர் ரோட்டைப் பிடித்து டவுனுக்குள் நுழைந்தால் போதும். தூரம் ஒன்றும் பெரிதில்லை. வருஷத்தில் சில தடவை சிறுமலை. ஒரு தடவை பழநி. லீவும் கையில் காசும் ஒன்றாகச் சேர்ந்தால் கொடைக்கானல். ரொம்பத் துணிந்தால் போடி வழியாக மூணாறு. தினமும் வேலைக்கு, எப்போதாவது ஊர் சுற்ற, இரண்டுக்கும் ஒரே வண்டி. இரண்டு வண்டி வாங்க அவர் மந்திரியின் மைத்துனர் இல்லை.

கேள்வி எளிது. பதில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் ஒரு தொழிற்சாலை, ஒரு விளம்பர கம்பெனி, ஒரு ஃபைனான்ஸ், இரண்டு அரசாங்கம் எல்லாம் சேர்ந்து உழைக்கின்றன.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். பஸ் ஒழுங்காக வந்தால் இந்த மனிதர் பைக் வாங்குவாரா? 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம். பஸ் வந்தால் இன்னும் நல்ல திட்டம். 1997இல் கிராமங்களுக்கு மினி பஸ் விட்டார்கள். 2025இல் மறுபடியும் மினி பஸ்ஸுக்கு விரிவான புதுத் திட்டம் கொண்டுவந்து விழா நடத்தினார்கள். முதல் திட்டம் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டால் நீங்கள் எதிர்க்கட்சி. ஷிஃப்ட் முடிந்து இரவு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவருக்குக் கட்சியெல்லாம் இல்லை. கடைசி பஸ் போய்விட்டது என்ற ஒரே ஒரு தகவல் மட்டும்தான் இருக்கிறது. அன்றைக்கு அவர் ஒரு முடிவுக்கு வருகிறார். அதற்குப் பெயர் 'வாடிக்கையாளர் தேர்வு' என்று கம்பெனி ஆண்டறிக்கையில் அச்சாகிறது.

ஏழைகள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். பஸ் வராத ஊருக்கு அதுதான் பஸ். லாரி நுழையாத தோட்டத்துக்கு அதுதான் லாரி. அதன் பேத்தி எக்ஸ்எல் 100 இன்றைக்கும் விடிவதற்கு முன் பூ மூட்டையோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகிறது. வண்டியின் எடை 90 கிலோகூட இல்லை. ஏற்றியிருக்கும் பாரமும் ஆளும் சேர்ந்தால் வண்டியைவிடக் கனம். முன்னால் கேன், பின்னால் மூட்டை, மூட்டைக்கு மேல் மனைவி. சாலை எது, வாய்க்கால் எது என்று அது பார்ப்பதில்லை. இந்தியாவின் உண்மையான அட்வென்ச்சர் பைக் அதுதான். ஆனால் அதன் விளம்பரத்தில் பனிமலை கிடையாது. பனிமலை வேண்டுமென்றால் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகும்.

ஷோரூமுக்குள் வாருங்கள். உள்ளே ஏசி. சுவர் முழுக்க லடாக். மணல்மேடு, பனிச்சிகரம், நீல ஏரி. பைக்கில் சாய்ந்து நிற்கும் இளைஞன் முகத்தில் தாடி, கண்ணில் ஏதோ தேடல். எதைத் தேடுகிறான் என்று தெரியவில்லை. அடுத்த மாதத் தவணையாக இருக்கலாம். திண்டுக்கல்லிலிருந்து லேவுக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். உள்ளே நிற்கும் நம் ஆளுக்குக் காலை ஒன்பது மணிக்குள் நாகல் நகர் ரவுண்டானாவைத் தாண்டினால் போதும்.

விற்பனைப் பையன் நல்லவன். பி.இ. படித்தவனாகவும் இருப்பான். அவன் கேட்கிற முதல் கேள்வி, "என்ன பட்ஜெட் சார்?" தினமும் எத்தனை கிலோமீட்டர், பின்னால் யார் உட்காருவார்கள், எந்த ரோடு என்றெல்லாம் கேட்கமாட்டான். அதைக் கேட்கச் சொல்லி அவனுக்குச் சொல்லித் தரவில்லை. "மைலேஜ் எவ்வளவு தம்பி?" என்று நம் ஆள் கேட்பார். பையன் ஒரு எண் சொல்வான். அது சோதனைக்கூடத்தில் உருளைமேல் வண்டியை ஓட்டி எடுத்த எண். அங்கே எதிர்க்காற்று இல்லை. குறுக்கே ஆடு வராது. இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து கடக்க வேண்டிய பள்ளம் இல்லை. அந்த மைலேஜ் உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களும் அந்தச் சோதனைக்கூடத்துக்குள்ளேயே வேலைக்குப் போய் வர வேண்டும்.

அடுத்து விலை. எக்ஸ்ஷோரூம் விலை என்று ஒன்று இருக்கிறது. அந்த விலைக்கு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆளை நான் இதுவரை சந்திக்கவில்லை. அதன்மேல் சாலை வரி ஏறும். இன்ஷூரன்ஸ் ஏறும். 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். 2022இல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350ஐத் தாண்டினால் 15,117. இவையெல்லாம் சட்டப்படி. சட்டத்தில் இல்லாதவை இனிமேல்தான் வரும். ஆக்சசரீஸ் பேக்கேஜ். டெஃப்லான் கோட்டிங். பிறகு ஹேண்ட்லிங் சார்ஜ். லாரியிலிருந்து இறக்கி, துடைத்து, உங்கள் முன்னால் நிறுத்தியதற்குக் கூலி. இட்லியைத் தட்டில் வைத்ததற்கு ஓட்டலில் தனியாகப் பில் போட்டால் சட்டையைப் பிடித்துச் சண்டைக்குப் போகிற ஊர் இது. லட்ச ரூபாய்க் கடையில் மட்டும் வாய் திறப்பதில்லை. "எதுக்குத் தம்பி இது?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுக் கட்டிவிடுகிறோம். ரசீது கேட்டால்தான் அங்கே முகம் மாறும்.

ஹெல்மெட்டும் பில்லில் தனியாக இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். வண்டி விற்கும்போதே தர முத்திரை பெற்ற ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்கிறது. விதி இருக்கிறது. ஹெல்மெட்டும் அலமாரியில் இருக்கிறது. இரண்டுக்கும் அறிமுகம் இல்லை.

கையில் முழுப் பணம் இல்லையா? ஃபைனான்ஸ் மேஜை அதே ஹாலில்தான். "ஃபிளாட் பன்னிரண்டு பர்சன்ட்தான் சார்." லட்ச ரூபாய், மூன்று வருஷம், வட்டி 36,000. மாதம் 3,778 ரூபாய். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் நீங்கள் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 21 சதவீதம். 12 என்று சொல்லி 21 வாங்குவதற்கு நம் நாட்டில் பெயர் எளிய தவணை. இதையே தெருமுனையில் ஒருவர் செய்தால் கந்துவட்டி. அவருக்கு ஏசி ஹால் இல்லாததுதான் குறை.

இனி அந்த அட்வென்ச்சர் வண்டிக்கு வருவோம். 2016இல் ராயல் என்ஃபீல்டு 'ஹிமாலயன்' என்று ஒன்றை விட்டது. 2023இல் அதன் 452 சிசி வடிவம் வந்தது. எடை 196 கிலோ. தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே 230 மில்லிமீட்டர் இடைவெளி. சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். நல்ல வண்டி. தமிழ்நாட்டில் செய்த வண்டி. 1955இல் மெட்ராஸில் ராணுவத்துக்கு புல்லட் பூட்டிக் கொடுத்த பரம்பரை. வண்டிமேல் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு வேறு. பாறையும் ஓடையும் நிறைந்த மலைப்பாதைக்கென்று செய்த ஒரு யந்திரத்தை, ரேஷன் கடைக்குப் போய் வர ஒருவர் வாங்குகிறார். ஏன் என்று கேட்டால், "நம்ம ரோட்டுக்கு இதுதான் சார் செட் ஆகும்" என்கிறார். அவர் பகட்டுக்காரர் இல்லை. பொறியாளர் செய்யாத வேலையை ஸ்பிரிங் செய்யட்டும் என்று கூடுதலாக ஒரு லட்சம் போடுகிறார். சாலை வரியாக முதல் தடவை கட்டினார். சஸ்பென்ஷனாக இரண்டாம் தடவை கட்டுகிறார். எலும்பு டாக்டரிடம் மூன்றாம் தடவை கட்டுவார்.

வேகத்தடையைப் பாருங்கள். அதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு அளவே வகுத்து வைத்திருக்கிறது. நீளம் 3.7 மீட்டர். உயரம் 10 சென்டிமீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும். வெள்ளைக் கோடு வேண்டும். முன்கூட்டியே பலகை வேண்டும். நம் ஊர்களில் வேகத்தடை எப்படிப் பிறக்கிறது? ஒரு விபத்து நடக்கும். மறியல் நடக்கும். அன்று இரவே மிச்சம் இருக்கும் தாரையும் ஜல்லியையும் குறுக்கே கொட்டிவிட்டுப் போவார்கள். கோடு இல்லை, பலகை இல்லை, விளக்கு இல்லை. அடுத்த விபத்து அந்தத் தடையிலேயே நடக்கும். விளக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2017 ஏப்ரலிலிருந்து புது பைக்குகளின் முன்விளக்கு பட்டப்பகலிலும் எரிந்தே தீர வேண்டும் என்று விதி. அணைக்க சுவிட்சே கிடையாது. தெருவிளக்குக்கு அப்படி ஒரு விதி போடவில்லை. இரவுக்குக்கூட.

வரிக்கு மறுபடியும் வர வேண்டியிருக்கிறது. மன்னிக்க வேண்டும், இந்த நாட்டில் பைக்கைப் பற்றிப் பேசினால் பாதிப் பேச்சு வரியாகத்தான் இருக்கும். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது இருசக்கர வண்டியை 28 சதவீத அடுக்கில் வைத்தார்கள். பான் மசாலா இருந்த அதே அடுக்கு. மில் தொழிலாளி வேலைக்குப் போகும் வண்டியும் அவர் துப்பக்கூடாத எச்சிலும் ஒரே தட்டில். உயிரைக் காக்கும் ஹெல்மெட்டுக்கு 18. எட்டு வருஷம் வசூலித்தார்கள். 2025 செப்டம்பர் 22இலிருந்து 350 சிசி வரை 18 ஆகக் குறைத்தார்கள். அதற்குத் தீபாவளிப் பரிசு என்று பெயர். நம் சட்டைப்பையில் விட்ட கையைக் கொஞ்சம் வெளியே எடுத்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். 350ஐத் தாண்டினால் இப்போது 40 சதவீதம். அதாவது 349 சிசி குடும்ப வண்டி, 452 சிசி குபேர வண்டி. நடுவில் இருக்கும் 103 சிசியில்தான் ஆடம்பரம் குடியிருக்கிறது என்று டெல்லி கண்டுபிடித்திருக்கிறது.

பெட்ரோல் போடப் போனால் அங்கே இன்னொரு கண்டுபிடிப்பு. மத்திய அரசுக்குக் கலால். மாநில அரசுக்கு 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். இரண்டும் ஏறி லிட்டர் விலை நூறைத் தாண்டிப் பல நாளாகிறது. அதில் இப்போது 20 சதவீதம் எத்தனால். 2030க்குள் என்று வைத்த இலக்கை 2025க்கே இழுத்து வந்து முடித்துவிட்டார்கள். பாலம் கட்டுவதிலும் இந்த வேகம் இருந்திருக்கலாம். எத்தனாலுக்கு பெட்ரோலைவிட ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலையே எதிர்பார்க்காமல் செய்த பழைய இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021இல் நீதி ஆயோக் அறிக்கையே எழுதி வைத்தது. மைலேஜ் குறையும் என்று எழுதியவர்கள் விலையும் குறையும் என்று எழுதவில்லையா? குறைத்துத் தரலாம் என்றுகூட யோசனை சொன்னார்கள். யோசனை அறிக்கையிலேயே பத்திரமாக இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் எத்தனால் இல்லாத பெட்ரோல் கொடு என்று கேட்கும் உரிமையும் நமக்கு இல்லை. கலப்படம் செய்த பால்காரனை ஊரே வைதது ஒரு காலம். இப்போது கலப்படத்துக்குத் துறையும் செயலாளரும் இருக்கிறார்கள்.

சரி, ஊர் சுற்றும் பாகம். விளம்பரம் சொல்கிறது, எல்லையே இல்லை, புறப்படு என்று. கொடைக்கானல் நம் மாவட்டத்து மலை. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 சீசனில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று உச்சவரம்பும் வந்தது. நான் நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை. மலை மூச்சுத் திணறுகிறது. யாராவது ஒருவர் போதும் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குக் கோபம், மலைக்கு இத்தனை வண்டி தாங்காது என்று கோர்ட் சொல்கிற அதே வாரம், மலை உன்னை அழைக்கிறது என்று முழுப்பக்க விளம்பரம் வருகிறதே, அதில்தான். மலை அழைக்கவில்லை ஐயா. அழைத்தது ஏஜென்சி. அந்த விளம்பரங்களிலேயே கீழே ஒரு வரி ஓடும். பயிற்சி பெற்றவர்கள் பாதுகாப்பான சூழலில் செய்தது, நீங்கள் முயல வேண்டாம் என்று. பூதக்கண்ணாடி வைத்தாலும் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். முயலத் தூண்டுவதற்கு ஒரு நிமிஷம், முயலாதே என்பதற்கு அரை நொடி.

தூண்டப்பட்டவர்கள் முயல்கிறார்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் பைக் சாகசத்தில் விழுந்து கைதான யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் ஓட்டுநர் உரிமத்தைப் பத்து வருஷத்துக்கு ரத்து செய்தார்கள். சரியான நடவடிக்கை. சாகசத்தை விற்றுச் சம்பாதிக்கும் கம்பெனிகளில் எதன் உரிமமாவது பத்து நாளைக்காவது ரத்தானதுண்டா?

இனி சிரிப்பு இல்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். மத்திய அரசே அச்சிட்ட கணக்கு. நூறில் நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் இந்தியாவில் முதலிடம் எந்த மாநிலத்துக்கு? நமக்குத்தான். 64,105 விபத்து. 17,884 சாவு. எத்தனையோ முதலிடங்களுக்குப் பேனர் கட்டுகிறோம். இதற்குக் கட்டவில்லை. கட்டினாலும் அந்தப் பேனர் காற்றில் சரிந்து எவன் மேலாவது விழும்.

ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் மட்டும் அந்த வருஷம் 50,029. ஆகவே போடுங்கள். அதில் வாதமே இல்லை. 2015 ஜூலை முதல் நாளில் உயர் நீதிமன்றம் கட்டாயமாக்கியபோது தலைக்கு ஆபத்து என்று பயந்து வாங்கியவர்களைவிடப் போலீஸுக்குப் பயந்து வாங்கியவர்கள்தான் அதிகம். அதுவும் நம் வெட்கக்கேடுதான். இப்போது போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் உண்டு. கேமராவே படம் பிடித்து செல்போனுக்கு அனுப்பிவிடும். அவ்வளவு சுறுசுறுப்பு.

அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த இன்னொரு பிரிவு இருக்கிறது. 198ஏ. சாலையைத் தரப்படி அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். படித்துப் பாருங்கள், இருக்கிறது. நீங்கள் இத்தனை வருஷமாகப் பேப்பர் படிக்கிறீர்கள். 'பள்ளத்தில் விழுந்து வாலிபர் பலி' என்ற தலைப்பை எத்தனை தடவை படித்தீர்கள்? 'பள்ளத்துக்காக ஒப்பந்ததாரருக்கு 198ஏ அபராதம்' என்ற தலைப்பை எத்தனை தடவை படித்தீர்கள்? ஹெல்மெட் இல்லாத தலையைத் துல்லியமாகப் பார்க்கும் அந்தக் கேமராவின் கண்ணுக்கு அதே கம்பத்தின் கீழே இருக்கும் பள்ளம் மட்டும் தெரிவதில்லை.

பிரேக்கிலும் இதே நீதிதான். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம். மணலிலோ, மழை ஈரத்திலோ, சாலையில் காயப்போட்ட சோளக்கதிரிலோ சடாரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி அது. பூட்டு எவ்வளவு உறுதியானது என்று திண்டுக்கல்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 125ம் அதற்குக் கீழும் என்றால்? முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் இணைக்கும் ஒரு கம்பி ஏற்பாடு போதும் என்று விட்டார்கள். நாட்டில் அதிகம் விற்பது எது? நூறு சிசி வண்டி. மில்லுக்குப் போகிறவர் ஓட்டுவது எது? நூறு சிசி வண்டி. ஆக, உயிர் காக்கும் கருவி தேவையா என்பதை சிலிண்டரின் கொள்ளளவை வைத்து முடிவு செய்தார்கள். எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் வேண்டும் என்று 2025 ஜூனில் மத்திய அரசு வரைவு வெளியிட்டது. உடனே கம்பெனித் தரப்புக்குக் கவலை வந்துவிட்டது. விலை ஏறிவிடும், பாவம், ஏழையால் வாங்க முடியாது என்றார்கள். ஏழைக்காகக் கம்பெனி கண்ணீர் விடும்போது ஏழை தன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. ஹேண்ட்லிங் சார்ஜ் வாங்கும்போது இந்தக் கண்ணீர் எங்கே போயிருந்தது?

என்னதான் வாங்குவது என்கிறீர்களா? கேட்டதற்குச் சொல்கிறேன். சுவரில் இருக்கும் லடாக்கைப் பார்க்காதீர்கள். 125க்கு மேல், 350க்குள். ஏபிஎஸ் இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு சக்கரத்துக்கும். 150, 160 சிசி வண்டி ஒன்று டவுனுக்கும் போகும், சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவும் ஏறும், கொடைக்கானலுக்கும் இரண்டு பேரைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும். 350 சிசி வேண்டுமென்றால் வாங்குங்கள். ஆனால் அதன் இருநூறு கிலோ எடையை ட்ராஃபிக்கில் தினமும் காலால் தள்ளப்போவது நீங்கள்தான், விளம்பரத் தாடிக்காரன் இல்லை. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். டியூப்லெஸ் டயராக இருக்கட்டும். வத்தலக்குண்டைத் தாண்டி ராத்திரியில் பஞ்சரானால் அதன் அருமை தெரியும். உங்கள் வீட்டில் பின்னால் உட்காரப்போகிறவரையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். சேலையோடு உட்கார்ந்து பார்க்கட்டும். கைப்பிடியும் சேலை கார்டும் கட்டாயம் என்று 123ஆம் விதி சொல்கிறது. ஆனால் இன்றைய பின்சீட்டைப் பார்த்தால் அதை வடிவமைத்தவருக்குக் குடும்பமே இல்லை என்றுதான் தோன்றுகிறது. 1996லேயே நின்றுபோன ஆர்எக்ஸ் 100ஐத் தேடிப்பிடித்து லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டாம். அது காதல். அதற்கு ஆலோசனை கிடையாது. தினமும் வீட்டுக்கும் டவுனுக்கும் மட்டும் என்றால் மின்சார ஸ்கூட்டரே போதும். மலைக்குத்தான் வேறு வழி பார்க்க வேண்டும். எதை வாங்கினாலும், அதன் பார்ட்ஸ் திண்டுக்கல்லில் அன்றைக்கே கிடைக்குமா என்று கம்பெனிக்காரனைக் கேட்காதீர்கள். மெக்கானிக்கைக் கேளுங்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜுக்கு ரசீது கேளுங்கள். 138ஆம் விதிப்படி ஹெல்மெட் கேளுங்கள். ஃபிளாட் வட்டி வேண்டாம், குறையும் அசலுக்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கிறவன் ஒருவன் என்றால் பைத்தியக்காரன் என்பார்கள். நாற்பது பேர் என்றால் மேனேஜர் வெளியே வருவார்.

வண்டி வாங்கி, முத்தாலம்மன் கோவில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றிய பிறகு இன்னும் ஒரு வேலை மிச்சம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடக் கட்டணம் 10 ரூபாய். ஒரு வெள்ளைத்தாள், ஒரு கோர்ட் ஸ்டாம்ப். உங்கள் தெருவுக்குக் கடைசியாகச் சாலை போட்டது எந்த ஒப்பந்ததாரர், எந்தத் தேதியில் முடித்தார், எத்தனை வருஷத்துக்கு அவர் பழுது பார்த்துத் தர வேண்டும், அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பொறியாளர் யார், 198ஏ பிரிவில் இந்த மாவட்டத்தில் இதுவரை எத்தனை பேர்மேல் நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். 18,000 ரூபாய் சாலை வரி கட்டியிருக்கிறீர்கள். மேலே இந்தப் பத்து ரூபாயையும் கட்டிவிடுங்கள்.